காத்துக்கு ஆடாத ட்ரைபொட்

சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அண்ணை, பல்கனிக்குத்தானே போகப்போறம், நிலம் ஐசாக் கிடக்கும். அப்பிடியே வாங்கோ. இல்லையில்லை, எனக்கென்ன கரைச்சல், உங்களைத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா மினக்கெடுத்திப்போட்டன். புரோசார்ட்டில இருந்து பாலம் கடந்து, இந்தக் காத்துக்குள்ள, உந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு. தாங்கோ, பையை நான் பிடிக்கிறன். அப்பா, பாரம்தான். கார்பன் எண்டாப் பாரமில்லை எண்டெல்லோ சொல்லுறவை? ஓ, கால்தான் கார்பனோ. பாரம் முழுக்கத் தலையிலயோ. சரி சரி. எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை, நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ளுறன்.

நல்லம்மாக்காவை விட்டிட்டு நீங்கள் மட்டுமோ வந்தனீங்கள்? கோயில்ல சமையலோ. அதுவும் நல்லதுதான். சும்மா சொன்னனான், இந்தக் குளிருக்குள்ள அவவும் வந்து என்ன செய்யிறது.

இந்தக் கதிரையில இருங்கோ. முதல் ஒரு வாய் சாப்பிடுங்கோ, றோல்ஸ் சூடாக் கிடக்கு. உங்களுக்கெண்டுதான் போட்டனான். நான் பேந்து சாப்பிடுறன், நீங்கள் எடுங்கோ.

பாருங்கோ, இதுதான் என்ர மனிசன்ர ஸ்கோப். ஓம், உங்களுக்குத் தெரியாததே, ரெண்டுபேரும் சேந்துபோய்த்தானே வாங்கினனீங்கள். இவர் செத்தாப்பிறகு இவற்ற சாமான் எல்லாம் ஒவ்வொருத்தருக்குக் குடுத்திட்டன், துவக்கைப் பொலிசில ஒப்படைச்சிட்டன், இது மட்டும் பெட்டிக்குள்ளயே கிடந்தது. எறிய மனம் வரேல்லை. இவருக்கெண்டு ஒரு ட்ரைபொட் இருந்ததில்லை, உங்கட வேட்டைக் கூட்டாளி மார்செலின்ரயிலதான் மாட்டுவார். பிறகு இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகு பாத்தா, கண்ணுக்கு முன்னால ஆறு, அங்கால லவால் கரை, வாத்து வந்து இறங்குது. வேலையால வந்து தனிய இருக்கிறதுக்கு இதுக்குள்ளால பாத்துக்கொண்டு இருக்கலாமே எண்டு யோசிச்சன். வேட்டை இல்லை அண்ணை, சும்மா பாக்கத்தான்.

இதுதான் நான் கடையில இருந்து கொண்டந்தது. லவாலில வேட்டைச்சாமான் விக்கிற கடை ஒண்டு. உங்களைக் கேக்காமல் வாங்கினது பிழைதான், எண்டாலும் அந்தக் கடைப்பிள்ளை நல்லவ, பிடிக்காட்டித் திருப்பிக் கொண்டாங்கோ எண்டவ. மாட்டிக்கிடக்கு, கண்ணை வச்சுப் பாருங்கோ.

என்ன, ஆடுதோ. ஓம், எனக்கும் அதுதான். அங்கால நிக்கிற மரமெல்லாம் உருவந்து ஆடுற மாதிரிக் கிடக்கு. நான் நினைச்சன் ஸ்கோப்தான் பழுதாப்போச்சு எண்டு. அப்ப தூரத்தில இருக்கிறதைக் கிட்டக் கொண்டுவரேக்க, காலில இருக்கிற ஆட்டத்தையும் அது சேத்துத்தான் பெருப்பிக்குமோ. நியாயம்தான். எவ்வளவு நல்ல கண்ணாடி எண்டாலும் கால் நடுங்கினாக் குருடுதான் எண்டுறியள்.

நடுத்தண்டை உயத்தக்கூடாதோ? நிண்டு பாக்க வசதியாக் கிடக்கும் எண்டு நான்தான் உயத்தினனான். ஓ, அதை உயத்தினா மூண்டு கால் ஒற்றைக்கால் ஆகிடுமோ. நல்லாச் சொல்லுறியள். அப்ப இருந்துதான் பாக்கவேணும், காலை அகட்டிப் பதிச்சுப்போட்டு. சரி. ஸ்கோப்பை மாட்டுற இந்த உருண்டை ஹெட்டும் எனக்குப் பிடிக்கேல்லை அண்ணை. இறுக்கிப்போட்டுக் கையை விட்டா மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப்போடுது, மெட்றோவில நித்திரை தூங்கிற ஆக்கள் மாதிரி. படம் பிடிக்கிறவைக்குத்தான் அது, ஸ்கோப்புக்குச் சரிவராதோ. அப்ப இதைத் திருப்பிக் குடுக்கிறன். அங்கால வையுங்கோ.

இப்ப உங்கடயை வச்சு, இவற்ற ஸ்கோப்பை அதில மாட்டுங்கோ பாப்பம்.

கால் நல்ல தடிப்பு என்ன. இதில நடுத்தண்டே இல்லை. ஓ, வேணுமெண்டே இல்லாமல் எடுத்தனீங்களோ. ஹெட்டை நான் ஒருக்காத் திருப்பிப் பாக்கட்டோ? அட, எண்ணெய்க்குள்ள கரண்டி விட்ட மாதிரியெல்லோ திரும்புது. உள்ளுக்கு உண்மையாவே ஒருவகை எண்ணெய்தானோ. அதாலதான் திடுக்கெண்டு போகாமல், விட்ட இடத்தில நிக்குது. இந்த நீட்டுப் பிடி ஏன்? விளங்குது, ஸ்கோப்பைக் கையால தொடாமல் இதைப் பிடிச்சு இழுக்கிறது. கை பட்டாலே நடுங்கும் எண்டுதானே. கீழ இருக்கிற கொழுக்கி? கல்லுப்பையோ. இஞ்ச கல்லுக்கு எங்க போறது, அரிசிப்பை கிடக்கு, குத்தரிசி, பொறுங்கோ எடுத்துக்கொண்டு வாறன்.

இந்தாங்கோ. இப்ப நிலத்தோட ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இந்தக் காத்துக்கும் ஒரு சொட்டு ஆட்டமில்லை. பாருங்கோ என்ர சேலைத்தலைப்பை, பறந்து மூஞ்சையில அடிக்குது. இது அசையேல்லை.

இது எப்ப வாங்கினது அண்ணை? போன வருசம் செப்டெம்பரோ. அப்ப அந்த வேட்டைப் பயணத்துக்கு முதல். அப்ப உங்கட பெரிய மூஸ் மானை இதாலதான் கண்டுபிடிச்சனீங்களோ. இதே காலும் இதே ஹெட்டுமோ? பிறகு ஒண்டும் மாத்தேல்லை? ஒரு ஆணிகூட மாத்தேல்லை. நல்ல சாமான் எண்டா அப்பிடித்தான். இல்லை, வாங்கிறதெண்டா நானும் இதையே எடுப்பம் எண்டுதான் விசாரிக்கிறன்.

உங்களைக் கேக்கவேணும் எண்டு எனக்கு எப்ப வந்தது தெரியுமோ? டொக்டர் ஆவுடையப்பன் புதுவீட்டுக் குடிபூரல் அண்டைக்கு. அவரும் பறவை பாக்கிற ஆள்தானே, ட்ரைபொட் என்ன வாங்கலாம் எண்டு உங்களிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டவர். நான் தேத்தண்ணித் தட்டோட உங்கட பக்கத்திலதான் நிண்டனான். நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள். தேத்தண்ணி கொண்டுவாற ஆக்களை ஆர் பாக்கிறது. என்ர ட்ரைபொட் காத்தடிச்சாலும் ஆடாது டொக்டர், தண்ணிக்கு அங்கால நிக்கிறவன்ர மீசையை எண்ணுவன் எண்டு சொன்னனீங்கள். டொக்டர் சிரிச்சவர். நானும் சிரிச்சுக்கொண்டு தட்டை நீட்டினனான்.

சும்மா சொன்னதோ? இல்லை, ஏன் சும்மா எண்டுறியள். உள்ளதைத்தானே சொன்னனீங்கள். ஒருக்காப் பாத்து எனக்கும் காட்டுங்கோவன். இப்பிடி நேரா, அந்த மஞ்சள் மாடிவீட்டுக்குக் கீழ, பார்க் முடியிற இடத்தில கல்லுக் குவிஞ்சு கிடக்கல்லோ, அதில வாத்து நிக்கிறது வழக்கம். மெல்ல இழுங்கோ. சரியோ.

வாத்து இல்லையோ. வேற என்ன? ஆரோ கிடக்கினமோ. வெறுங்கண்ணுக்கு எனக்கு ஒரு செம்மஞ்சள் பொட்டுத்தான் தெரியுது, குப்பைப்பை மாதிரி. ஆள்தானோ? வடிவாப் பாருங்கோ. ஓரஞ்சு வெஸ்ட் போட்டுக்கொண்டு. சிப் கழண்டு கிடக்கிறதும் தெரியுதோ. பொம்பிளையோ ஆம்பிளையோ?

மார்செலோ? எங்கட மார்செலோ? நிச்சயமாத் தெரியுதோ அண்ணை, இவ்வளவு தூரத்தில, இந்தக் காத்துக்குள்ள. தாடியும் தெரியுதோ. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரோ, திறந்துகொண்டோ? திறந்துகொண்டு. அதுவும் தெரியுது.

அப்ப டொக்டருக்கு நீங்கள் பொய் சொல்லேல்லை.

ஏன் அதில கிடக்கிறார் எண்டோ. இருங்கோ சொல்லுறன். எழும்பாதேங்கோ, தேத்தண்ணி ஊத்திறன். அவர் கிடக்கட்டும், குளிருக்குப் பழகின மனிசன். கீழ பாய் விரிச்சுத்தான் படுத்திருக்கிறார், நான்தான் குடுத்துவிட்டனான்.

எங்கட ஆக்களில ஆர் அண்ணை மூஸ் வேட்டைக்குப் போறது. இவர் பஸ் கராஜில மார்செலோட வேலைசெய்யத் தொடங்கினாப்பிறகுதானே அந்தப் பைத்தியம் பிடிச்சது. நாங்கள் முதல் இருந்த வில்லரேயில சனம் சிரிச்சது. ஞானேந்திரன் காட்டில என்ன செய்யிறார், மூஸுக்குத் தேவாரம் படிக்கிறாரோ எண்டு. இவர் கணக்கெடுக்கேல்லை. வருசம் முழுக்கக் கிறீசுக்குள்ளயும் இரும்புக்குள்ளயும் கிடக்கிற மனிசன், அந்த ஒரு கிழமை போட்டு வந்தா முகமே வேற மாதிரி இருக்கும். ஒண்டும் விழுத்தாமல் வந்தாலும் அப்பிடித்தான்.

உங்களைச் சேத்துக்கொண்டு போனதும் இவர்தான். உங்களுக்குத் தெரியாது, மார்செல் முதல் வேண்டாம் எண்டவர். மூண்டாவது ஆள் வந்தாக் காடு குழம்பும் எண்டு. இவர்தான் விடேல்லை. கணேசலிங்கம் என்னோட ஒரு வாங்கில இருந்து படிச்சவன், அவனுக்கும் இந்த நாட்டில ஒரு சந்தோசம் வேணும், அவன் வராட்டி நானும் வரேல்லை எண்டு நிண்டவர். என்ர குசினியில வச்சுத்தான் இந்தக் கதை நடந்தது. நான் அப்பவும் தேத்தண்ணிதான் ஊத்திக்கொண்டு நிண்டனான்.

இல்லை, அழமாட்டன். அழுகிற காலம் போட்டுது. நான் சொல்லிக்கொண்டு போறன், எங்கயாவது பிழை எண்டா நிப்பாட்டுங்கோ.

அண்டைக்கு விடிய முதல் இவர் கனோ வள்ளத்தில ஏரிக்கு அங்கால போனவர். அந்தப் பக்கம் சதுப்பு, மூஸ் தண்ணிக்கு இறங்கிற இடம். நீங்கள் இஞ்சால் பக்கம், மேட்டில, ட்ரைபொட்டை வச்சுக்கொண்டு இருந்தனீங்கள். உயரத்தில இருந்து எல்லாத்தையும் பாத்து, கண்டா மற்றவைக்கு வோக்கிடோக்கியில சொல்லுறது உங்கட வேலை. மார்செல் ட்ரக்கோட மலைக்கு அங்கால, றோட்டுப்பக்கம். அந்த ஏரி நீட்டெண்டாலும் அகலமில்லை. இந்த ஆறு கிடக்கிற மாதிரித்தான்.

இவர் கனோவால இறங்கேக்க கல்லில வழுக்கிப்போச்சு. தொடை எலும்பு. வோக்கி தண்ணிக்குள்ள. கனோ இழுபட்டுப் போட்டுது. விழுந்த இடம் பத்தையில்லை, காடில்லை, மொட்டைக் கல்லு. அதுக்கு மேல ஓரஞ்சு வெஸ்ட் போட்ட ஆள். விசில் வச்சிருந்தவர், ஊதியிருப்பார். காத்து உங்கட பக்கமிருந்து அவரிட்ட அடிச்சது, அதால சத்தம் கேட்டிருக்காது, அதை நான் ஏத்துக்கொள்ளுறன். அந்தக் கல்லில கொஞ்சத்தூரம் ஊர்ந்திருக்கிறார். துணி தேஞ்ச அடையாளம் கிடந்ததெண்டு மார்செல் பேந்து சொன்னவர். தண்ணிப்பக்கம் ஊரேல்லையாம். மறைப்பில்லாத பக்கம், உங்கட மேட்டுக்கு நேரா வாற பக்கம் ஊர்ந்திருக்கிறார். கணேஸ் அங்க ஸ்கோப்போட இருக்கிறான், கண்டிடுவான் எண்டு.

பின்னேரம் வரைக்கும் உயிரோட இருந்தவர் எண்டுதான் டொக்டர்மார் சொன்னது. பின்னேரம்தான் மழையும் ஸ்நோவும் கலந்து கொட்டத் தொடங்கினது.

நீங்கள் அதுக்கிடையில மேட்டில இல்லை. உங்கட பக்கத்துக் குடாவில பெரிய கொம்பன் ஒண்டு நடந்து போனது. எத்தினை வருசம் நீங்கள் ஒண்டும் விழுத்தாமல் வந்து, கராஜ் ஆக்களிட்டப் பகிடி கேட்டிருப்பியள். அதுக்குப் பின்னால இறங்கிப் போட்டியள். மத்தியானத்துக்குப் பிறகு வெடி வச்சு விழுத்தினியள். வெடி கேட்டு மார்செல் ஓடி வந்தவர். ஞானம் எங்க எண்டு கேட்டவராம். அவன் தன்ர இடத்தில இருக்கிறான், இருட்டினா வருவான் எண்டு சொன்னனீங்கள். பிறகு ரெண்டுபேரும் கயிறு போட்டு மூஸை இழுத்தனீங்கள்.

அந்த வெடி இவருக்கும் கேட்டிருக்கும் அண்ணை. ஆரும் துலைஞ்சா வானத்துக்கு வெடி வைக்கிறதுதானே உங்கட வழக்கம். தன்னைக் கண்டிட்டினம், தனக்குத்தான் வெடி வைக்கினம் எண்டு நினைச்சிருப்பார். கொஞ்சம் ஆறுதலாக் கூடக் கிடந்திருப்பார்.

என்ன, தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.

செத்தவீட்டில என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நீங்கள் சொன்னது ஞாபகமோ? தங்கச்சி, அந்தக் கரையை நான் எத்தினை தரம் பாத்தன், காத்துக்கு ட்ரைபொட் நடுங்கி ஒண்டும் பிடிபடேல்லை, கல்லுக்கு மேல செம்மஞ்சளா ஏதோ தெரிஞ்சது, மேப்பிள் இலை குவிஞ்சு கிடக்கு எண்டு விட்டிட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளு எண்டு. குலுங்கிக் குலுங்கி அழுதனீங்கள். நான் உங்கட முதுகைத் தடவி ஆறுதல் சொன்னனான். நினைச்சுப்பாருங்கோ, நான் உங்களுக்கு. சாவை விசாரிச்ச கொறொனர் மனிசிக்கும் அதைத்தான் சொன்னனீங்கள். ட்ரைபொட் நடுங்கினது. அவவும் நல்ல மனிசி, விபத்து எண்டு முடிச்சா. கோயில்ல சனம் உங்களுக்காகவும் அழுதது. பாவம் கணேசலிங்கம், கூட்டாளியைக் குடுத்திட்டு நிக்கிறார் எண்டு.

அந்தியேட்டிக் கிரியை முடிய ஒரு பெட்டி மூஸ் இறைச்சி கொண்டந்து தந்தனீங்கள். ஞானத்தின்ர பங்கு, வேட்டைக்குப் போனாப் பங்கு பிரிக்கிறது முறை எண்டு. நான் அதை ஃப்றீசருக்குள்ள வச்சிட்டு ஒரு துண்டும் தொடேல்லை. இண்டைக்குத்தான் எடுத்தனான். ஓம், றோல்ஸுக்குள்ள கிடக்கிறது அதுதான். வைக்காதேங்கோ, அரைவாசி கடிச்சாச்சு, தின்னுங்கோ. நல்ல ருசி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

நான் உங்களைச் சந்தேகப்படேல்லை அண்ணை, அந்தக் குடிபூரல் வரைக்கும். ஒரே ட்ரைபொட். கொறொனருக்கு நடுங்கினது, டொக்டருக்கு ஆடேல்லை. தட்டோட குசினிக்குள்ள போய்த் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிண்டனான், சத்தம் வெளிய கேக்கக்கூடாது எண்டு. அடுத்தநாள் லவால் கடைக்குப் போனன். ட்ரைபொட் எண்டா என்ன, ஹெட் எண்டா என்ன, உருண்டை எது, எண்ணெய் எது, எல்லாம் அந்தப் பிள்ளை சொல்லித்தந்தவ. அந்தக் கிழமையே திரும்பவும் போனன். நடுத்தண்டை உயத்தினா ஆடும் எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. தெரிஞ்சுதான் உயத்தி வச்சனான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு உங்கட வாயால வரவேணும் எண்டு.

மார்செலிட்டப் போய்ச் சொன்னன். அவர் நம்பேல்லை. சத்தியமா, ஒரு மாசம் என்னோட கதைக்கவுமில்லை. கணேஸ் அப்பிடிப்பட்டவனில்லை, சும்மா பெருமைக்குச் சொல்லியிருப்பான் எண்டு. பேந்து ஒருநாள் தானே வந்தார். இரவில நித்திரை வரேல்லை எண்டார். அதே தூரத்தில, அதே மாதிரிக் காத்தில, அவன் தன்ர ட்ரைபொட்டால என்னைப் பாக்கட்டும், ஓரஞ்சு எண்டு மட்டும் சொன்னா நீ இதை விட்டிடவேணும், என்ர பேரைச் சொன்னா நான் உன்னோட நிப்பன் எண்டார். நான் ஓம் எண்டன். சத்தியமாச் சொல்லுறன், நீங்கள் இலை எண்டு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பன். றோல்ஸைக் கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பன்.

வில்லரே வீட்டை விட்டிட்டு ஏன் இவ்வளவு தூரம் வந்தனீ எண்டு எல்லாரும் கேட்டவை. அனுசூயாவுக்கு மனம் சரியில்லை, ஆத்தைப் பாத்தா ஆறும் எண்டு வந்திட்டாள் எண்டு தாங்களே பதிலும் சொன்னவை. நான் எத்தினையோ வீடு பாத்தனான். சில இடத்தில ஆறு ஒடுக்கம், சில இடத்தில அகலம் கூட. மார்செல் அந்தத் தூரம் அளக்கிற கருவியோட ஒவ்வொரு பல்கனியிலயும் வந்து நிண்டவர். வீடு காட்டின மனிசி எங்களை என்னெண்டு நினைச்சாளோ தெரியாது. இந்தப் பல்கனிதான் அந்த ஏரித் தூரத்துக்குச் சரியா வந்தது. பிறகு காத்துக்குக் காத்திருந்தனான். போன ஞாயிறும் உங்களைக் கூப்பிட இருந்தனான், காத்துக் காணாது. அண்டைக்கு ஏரியில அடிச்சதை விட இண்டைக்குக் கூட. வானிலை அறிவிப்பைக் கேட்டுப் பாத்திட்டன்.

எங்க எழும்புறியள்? ட்ரைபொட்டைத் தொடாதேங்கோ அண்ணை. அது அப்பிடியே நிக்கட்டும். மார்செல் வந்து தானும் ஒருக்கா அந்த ஸ்கோப்புக்குள்ளால பாக்கவேணும் எண்டவர்.

போறதெண்டாப் போங்கோ, கதவு பூட்டேல்லை. ஆனா அவர் உங்கட வீட்டுக்கு வருவார். இஞ்ச வச்சுக் கதைக்கிறது உங்களுக்கு நல்லம், நல்லம்மாக்கா இல்லை. உங்கட மனிசிக்கு இண்டைக்கு நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி வெள்ளிக்கிழமை கோயில்ல நான் சொல்லுவன், அன்னதானத்துக்கு எல்லாரும் இருக்கேக்க, நிண்ட நிலையில, சத்தமா. கொறொனரிட்டப் போறதோ, பொலிசோ, அது மார்செலின்ர பாடு. அந்தக் கயிறு பிடிச்ச கை இன்னும் கூசுது எண்டு சொல்லுறவர். தன்ர கூட்டாளி அங்கால கிடக்க, உங்களோட சேந்து மூஸ் இழுத்த கை. அவரை என்னால மறிக்கேலாது, மறிக்கவும் மாட்டன்.

கும்பிடாதேங்கோ. எனக்கு உந்தக் கும்பிடு வேண்டாம்.

மூஸ் போயிடும் எண்டு நினைச்சனீங்கள், அதைத்தானே சொல்லவாறியள். முதல் அதை விழுத்திட்டுப் பேந்து வந்து தூக்குவம் எண்டு. ஒரு கால் முறிஞ்ச மனிசன் கொஞ்சநேரம் கிடப்பான்தானே எண்டு. அப்பிடித்தான் நினைச்சிருப்பியள், எனக்கும் விளங்குது. பிறகு விழுத்தினது, உரிச்சது, இழுத்தது, இருட்டினது. பிறகு கண்டனான் எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஓம். அதை மார்செலுக்குச் சொல்லுங்கோ, நான் பிரெஞ்சில திருப்பிச் சொல்லிவிடுறன்.

நீங்கள் சாகவேணும் எண்டு நான் ஒருநாளும் நேத்தி வைக்கேல்லை அண்ணை. நூறு வயசு வரைக்கும் இருங்கோ. ஒவ்வொரு வருசமும் இலை சிவக்கேக்க இருங்கோ. எல்லாருக்கும் தெரியும் எண்டு தெரிஞ்சுகொண்டு இருங்கோ.

பொறுங்கோ, மார்செலுக்கு ஒரு கோல் எடுக்கிறன், பாவம் குளிருக்குள்ள. அலோ, மார்செல். வுய். வுய், பேரைச் சொன்னவர். தாடியும் சொன்னவர். எழும்பி வாங்கோ. மெல்லக் காரை ஓடுங்கோ, பாலத்தில காத்து. வுய், இஞ்சதான் இருக்கிறார்.

அழுறார். மார்செல் அழுது நான் இதுவரைக்கும் கண்டதில்லை.

வந்து சேர நேரமெடுக்கும் அண்ணை. அதுக்கு முதல் என்ர அலுவல் ஒண்டு கிடக்கு. இவ்வளவும் செய்தது அதுக்குத்தான். மார்செலுக்கும் தெரியாது, அவரிட்டக் கையைக் காலை ஆட்டாமல் சும்மா கிடவுங்கோ எண்டுதான் சொல்லிவிட்டனான். ஏனெண்டா இவர் எப்பிடிக் கிடந்தவர் எண்டு எனக்குத் தெரியாது. விடியப் போய் எடுத்தவை கண்டது செத்த உடம்பைத்தான். உயிரோட கிடக்கேக்க அந்த முகத்தைக் கண்டது நீங்கள் ஒராள்தான், இப்பிடியொரு கண்ணாடிக்குள்ளால, இவ்வளவு கிட்ட. நானில்லை, கட்டின மனிசி நானில்லை, நீங்கள்.

இனிப் பொய் தேவையில்லைத்தானே. இந்தக் கதிரையில இருந்து, ஆறுதலாச் சொல்லுங்கோ. என்ர மனிசன் கையைத் தூக்கினவரோ?